நாணை விடுவதற்கு முன்: கொலராடோவில் ஐந்து நாள் எல்க் வில்வேட்டை வழிகாட்டிச் சேவை பற்றி ஒரு மதிப்புரை

சென்ற செப்டம்பரில், கொலராடோ மாநிலத்தின் வடமேற்கே மீக்கர் ஊருக்குக் கிழக்கிலுள்ள ஃபிளாட் டாப்ஸ் மலைப்பகுதியில், எல்க் எனும் பெரிய மானை வில்லால் வேட்டையாடும் ஐந்து நாள் பயணத்துக்காக ஒரு வழிகாட்டி நிறுவனத்தை அமர்த்தியிருந்தேன். அவர்கள்மேல் எனக்குக் குறை ஒன்று உண்டு. ஆகவே பெயரைக் குறிப்பிடாமல், பெற்ற சேவையை மட்டும் எடைபோடுகிறேன். எந்த அம்பை விடலாம், எதை விடக்கூடாது என்று முடிவு செய்ய ஒரு வழிகாட்டி எவ்வளவு தூரம் துணை நிற்க முடியும் என்பதே இந்த மதிப்புரையின் பொருள். வேட்டையில் மற்றவையெல்லாம் அதற்குப் பிறகுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கூடாரம், சாப்பாடு, பொதிசுமக்கும் குதிரை, நாள் முழுதும் உடன் வரும் ஒரு வழிகாட்டி ஆகிய அனைத்துக்கும் சேர்த்து 6,500 டாலர் கொடுத்தேன். வேட்டை உரிமச் சீட்டுக்குத் தனிப்பணம். சாப்பாடும் படுக்கையும் குறை சொல்ல முடியாதவை.

மூன்று ஆண்டுகளுக்கு முன் வேறொரு மாநிலத்தில், வேறொரு நிறுவனத்துடன் போன வேட்டையில், 30 கெஜ தூரத்தில் நின்ற ஓர் ஆண் எல்க்கை அம்பால் அடித்து, அதை இழந்துவிட்டேன். தூரம் எளிதுதான், விலங்கு நின்ற நிலைதான் தவறு. அது என்னை நோக்கிச் சாய்வாகத் திரும்பி நின்றது. அம்பு முன்தோள் எலும்பில் பட்டு, சில அங்குலங்களுக்கு மேல் உள்ளே இறங்கவில்லை. இருநூறு கெஜம் வரை இலைகளில் துளித்துளியாக இரத்தம் இருந்தது, பிறகு அதுவும் நின்றுபோனது. இரண்டு நாள் தேடியும் கிடைக்கவில்லை. அன்று என் பக்கத்தில் இருந்தவர், அந்த நிலையில் அடிக்கக்கூடாது என்று முன்கூட்டி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அடித்தபின் “இது நடப்பதுதான்” என்றார். அது நடக்காமல் பார்த்துக்கொள்ளும் ஒருவரைத் தேடித்தான் இம்முறை பல நிறுவனங்களிடம் தொலைபேசியில் பேசினேன். காயப்பட்டுத் தப்பிய எல்க்கைப் பற்றி உங்கள் விதி என்ன என்று ஒவ்வொருவரிடமும் கேட்டேன். இந்த நிறுவனத்தின் உரிமையாளர் மட்டும் தயங்காமல், “இரத்தம் வந்தால் உங்கள் வேட்டை முடிந்தது, மிச்ச நாள்கள் தேடுவதற்கு” என்றார். அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

முதல் நாள் மதியம் முகாமை அடைந்ததும், வில்லைச் சரிபார்க்க மைதானத்துக்கு அழைத்துப் போவார்கள் என்று எண்ணியிருந்தேன். எனக்கு ஒதுக்கப்பட்ட வழிகாட்டி, ஐம்பது வயதைத் தாண்டிய, மிகக் குறைவாகப் பேசும் மனிதர். முதுகுப்பையை மாட்டிக்கொண்டு தன் பின்னால் ஏறி வரச் சொன்னார். முகாம் இருந்த உயரம் ஏறக்குறைய 9,500 அடி; நான் வாழும் டாலஸ் நகரமோ கடல்மட்டத்திலிருந்து ஐந்நூறு அடிகூட இல்லை. பத்து நிமிட ஏற்றத்திலேயே மூச்சு வாங்கியது. மேலே ஆஸ்பென் மரங்களுக்கிடையே எல்க் அளவில் செய்த ஒரு நுரைப் பொம்மை நின்றது. “மண்டியிட்டு, ஒரே ஓர் அம்பு” என்றார். அதை விட்டதும் இரண்டாவது அம்பை எடுக்கவிடாமல், வேறொரு சரிவுக்கு நடத்திக்கொண்டு போய், அங்கிருந்து இன்னொன்று. இப்படி ஒரு மணி நேரத்தில் ஏழு அம்புகள்தான் விட்டேன்.

இதன் நியாயம் எனக்கு மெல்லத்தான் புரிந்தது. வீட்டுக்குப் பின்னால் சமதரையில் நின்று, கை சூடேறியபின் 60 கெஜத்தில் ஆறு அம்புகளை ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள் அடக்குபவன் நான். ஆனால் காட்டில் கிடைப்பது முதல் அம்பு மட்டும்; அதுவும் மூச்சிரைக்க, குளிர்ந்த கையோடு, கோணலாக நின்று விடுகிற அம்பு. அந்த ஏழில், 40 கெஜத்துக்குள் விட்டவை எல்லாம் நெஞ்சுப்பகுதியில் பட்டன. அதைத் தாண்டியவற்றில் ஒன்று வயிற்றுக்குப் போனது. அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு குறிப்பேட்டை எடுத்து, என் பெயருக்கு எதிரே 40 என்று எழுதினார். வீட்டில் நான் பெருமைப்பட்டுக்கொண்ட அறுபது அங்கே இருபது குறைந்தது. அது சரியான கணக்கு என்பதை நான் மறுக்கவில்லை.

அடுத்த இரண்டு மணி நேரம் அந்தப் பொம்மையைத் திருப்பித் திருப்பி வைத்துப் பாடம் நடந்தது. இந்தச் சேவையில் நான் கொடுத்த பணத்துக்குப் பாதி மதிப்பு இந்த இரண்டு மணி நேரத்திலேயே கிடைத்துவிட்டது. துப்பாக்கிக் குண்டு எலும்பை உடைத்து, அதிர்ச்சியால் விலங்கை வீழ்த்தக்கூடும். அம்புக்கு அந்த வழி இல்லை. முனையின் கூர் இரத்தக்குழாய்களை அறுத்து, இரத்தம் வெளியேறுவதால் மட்டுமே அது கொல்கிறது. ஆகவே இரண்டு நுரையீரல்களையும் ஊடுருவிச் செல்ல வழி உண்டா என்பதே கேள்வி. எல்க்கின் உயிர்ப்பகுதி ஏறத்தாழ 14 அங்குல அகலம். டெக்சாஸில் நான் வேட்டையாடும் வெண்வால் மானுக்கு அது எட்டு, ஒன்பது அங்குலம்தான். பெரிய குறி என்பதாலேயே எளிதென்று தோன்றும். ஆனால் வளர்ந்த ஆண் எல்க் முந்நூறு கிலோவைத் தாண்டும் விலங்கு, நம் கடமானில் மிகப் பெரியதற்கு ஒப்பானது. அதன் தோள் எலும்பு அம்பைத் தடுத்து நிறுத்திவிடும்.

வழிகாட்டி ஒரு மெல்லிய கம்பியைப் பொம்மையின் உடலில் செருகி, அது மறுபக்கம் எங்கே வெளிவருகிறது என்று காட்டினார். பக்கவாட்டில் நிற்கும்போது தோளுக்குச் சற்றுப் பின்னால் செருகினால் மறுபக்கமும் அதே இடம். விலங்கு நம்மைவிட்டு அப்பால் சாய்ந்து நின்றால், விலாவில் இன்னும் பின்னே நுழைந்து, எதிர்ப்பக்க முன்னங்காலை நோக்கி வெளிவரும். அம்பு எங்கே நுழைகிறது என்பதைவிட எங்கே முடிகிறது என்பதைக் குறிவைக்க வேண்டும் என்று அழுத்திச் சொன்னார். நம்மை நோக்கிச் சாய்ந்து நின்றால், கம்பி தோளைத் தவிர்த்து நுழைந்து குடலில் போய் முடிந்தது. என் பழைய தவறு கண்முன்னே கம்பியாக நீட்டிக்கொண்டு நின்றது. நேருக்கு நேர் நின்றால், கழுத்தின் அடியில் விரித்த உள்ளங்கை அளவுக்கு ஓர் இடம் உண்டு; இருபுறமும் எலும்பு. கைதேர்ந்தவர்கள் மிக அருகில் அதை அடிப்பதுண்டு, வேட்டைக்காரர்களிடையே அதுபற்றி நெடுநாள் வாதமும் உண்டு. தன் விருந்தினர் யாருக்கும் அதை அனுமதிப்பதில்லை என்றார் அவர்.

பிறகு அவர் சொன்ன ஒரு பிரிவினை இன்னும் என் மனத்தில் நிற்கிறது. கடினமான அடி என்பது இரண்டு வகை. தூரம், சரிவு, நடுவே நீட்டிய கிளை, மங்கும் வெளிச்சம் இவையெல்லாம் நம்மால் அளந்து பார்க்கக்கூடிய கடினங்கள். அளந்தபின் சில எளிதாகிவிடும், சில கூடாதென்று தெரிந்துவிடும். விலங்கு அடுத்த அரை வினாடியில் என்ன செய்யும் என்பது அளக்க முடியாத கடினம். என் வில்லிலிருந்து அம்பு வினாடிக்கு ஏறத்தாழ 270 அடி வேகத்தில் புறப்படுகிறது. 40 கெஜத்தை, அதாவது 120 அடியைக் கடக்க அதற்கு 0.44 வினாடி வேண்டும். நாணின் ஓசை வினாடிக்கு 1,100 அடி வேகத்தில் 0.11 வினாடியிலேயே விலங்கின் காதை எட்டிவிடும். எஞ்சிய மூன்றில் ஒரு பங்கு வினாடியில், மிரண்டிருக்கும் விலங்கு குனிந்து பாயத் தொடங்கிவிடும். மிரளாமல் சாதாரணமாக நடந்து போகும் எல்க்கூட அந்த 0.44 வினாடியில் இரண்டு அடி நகர்ந்துவிடுகிறது. நுரையீரலுக்கு விட்ட அம்பு குடலில் படுவதற்கு அந்த இரண்டு அடி போதும். இந்தக் கணக்கை அவர் வாயால் சொல்லவில்லை, பொம்மையின் விலாவில் இரண்டு அடியைக் கைச்சாணால் அளந்து காட்டினார். நான் இரவு கூடாரத்தில் எண்களைப் போட்டுப் பார்த்தபோது சரியாக வந்தது.

இரண்டாம் நாள் காலையில்தான் இந்தப் பாடம் எதற்காக என்று தெரிந்தது. எல்க் வேட்டையில், அதன் குரலிலேயே கூவி அழைக்கும் வழிகாட்டி வில்லாளிக்குப் பின்னால் ஐம்பது கெஜத்தில் மறைந்து இருப்பார். ஓசையைத் தேடி வரும் ஆண் எல்க் வில்லாளியைக் கடந்து போகட்டும் என்பதே ஏற்பாடு. அதனால் அந்த வேளையில் வழிகாட்டி உங்களைப் பார்க்கவும் முடியாது, காதில் ஒரு வார்த்தை சொல்லவும் முடியாது. ஸ்ப்ரூஸ் மரங்களுக்கிடையே ஆறு கிளைக் கொம்புடன் ஓர் ஆண் எல்க் வந்து, 38 கெஜத்தில் என்னை நேருக்கு நேர் பார்த்தபடி நின்றுவிட்டது. நான் நாணை இழுத்துப் பிடித்திருந்தேன். என் வில்லை இழுக்க 65 பவுண்டு விசை வேண்டும். சுமையைக் குறைக்கும் கப்பிகள் பொருத்திய காம்பவுண்ட் வில் என்பதால் முழுதும் இழுத்தபின் 13 பவுண்டுதான் பிடிக்க வேண்டும், ஆனாலும் இரண்டு நிமிடம் கடந்தபோது தோள் நடுங்கத் தொடங்கியது. அதன் மூக்கிலிருந்து ஆவி வருவதும், கழுத்து மயிரில் உலர்ந்திருந்த சேறும், கண்ணோரத்தில் ஒரு பூச்சி ஊர்வதும் தெரிந்தன. தூரம் என் எல்லைக்குள். நிலை சரியில்லை. நாணை மெல்லத் தளர்த்தினேன். அந்த அசைவைக் கண்டு அது திரும்பிப் பாய்ந்து மறைந்தது. வழிகாட்டி வந்து, நின்ற இடத்துத் தடத்தைக் குனிந்து பார்த்து, குளம்பு என்னை நோக்கியிருந்ததை விரலால் காட்டி, “சரி” என்றார். அவ்வளவுதான். முந்தைய நாள் பொம்மையின் முன் இந்த முடிவை எடுத்து முடித்திராவிட்டால், அந்த இரண்டு நிமிடத்தில் நான் அதை எடுத்திருப்பேன் என்று நம்பவில்லை.

மூன்றாம் நாள் 30 கெஜத்தில் பக்கவாட்டில் ஒன்று நின்றது; ஆனால் அதற்கு நேர் பின்னே இரண்டு பெண் எல்க்குகள். சிறுவயதில் கொல்லிமலை வல்வில் ஓரியின் கதையைக் கேட்டு வளர்ந்தவன் நான்; ஒரே அம்பு யானையைத் துளைத்து, புலியையும் மானையும் பன்றியையும் கடந்து உடும்பில் போய்ச் செருகியது என்பார்கள். அந்தப் புகழில் எனக்கு இன்றும் பெருமை உண்டு. ஆனால் ஒரே ஒரு விலங்குக்கு மட்டும் உரிமச் சீட்டு வைத்திருப்பவன் அஞ்ச வேண்டியதும் அதையேதான். விலாவில் சரியாகப் பட்ட அம்பு பெரும்பாலும் ஊடுருவி வெளியே போகும், பின்னால் நிற்பது காயப்படும். பெண் எல்க்குகள் விலகவில்லை. நான் அம்பு விடவில்லை.

என் குறை நான்காம் நாளைச் சேர்ந்தது. முகாமிலிருந்த இன்னொருவர் அடித்த எல்க்கின் இறைச்சியை இறக்குவதற்காக என் வழிகாட்டி போய்விட, அன்று மாலைக்கு மட்டும் ஓர் இளைஞரை அனுப்பினார்கள். அவர் சுறுசுறுப்பானவர், தடம் பார்ப்பதில் கெட்டிக்காரர். சூரியன் மறைந்து சற்று நேரமாகியிருந்தது. கொலராடோவில் மறைவுக்குப் பின் அரை மணி வரை சட்டம் அனுமதிக்கிறது. சரிவின் கீழே ஓர் எல்க் மெல்ல நடந்துகொண்டிருந்தது. தூரமானியில் 52 கெஜம். என் பக்கத்திலேயே இருந்த அவர், “அடியுங்கள், காற்று திரும்பப் போகிறது” என்று இருமுறை அவசரப்படுத்தினார். காற்றைப் பற்றி அவர் சொன்னது உண்மை. மலைச்சரிவில் வெயில் ஏறினால் காற்று மேல்நோக்கிப் போகும், மாலை குளிர்ந்ததும் கீழே இறங்கத் தொடங்கும்; எங்கள் வாடை இன்னும் சில நிமிடத்தில் அதன் மூக்கை எட்டிவிடும். ஆனால் காற்று திரும்பப் போகிறது என்பது அடிப்பதற்குக் காரணம் ஆகாது, வாய்ப்பு முடியப் போகிறது என்பதற்கு மட்டுமே அது அடையாளம். 52 கெஜம், நடக்கும் விலங்கு, மங்கிய ஒளி. நான் மறுத்தேன். திரும்பி வரும் வழியில் கேட்டபோதுதான் என் பெயருக்கு எதிரே 40 என்று எழுதியிருப்பது அவருக்குச் சொல்லப்படவே இல்லை என்று தெரிந்தது.

இது சிறிய குறை அல்ல. 2025 முதல் மாநிலத்தின் மேற்குப் பகுதியில் வெளிமாநிலத்தவர் எல்க்கை வில்லால் வேட்டையாட உரிமம் குலுக்கலில்தான் கிடைக்கிறது. மறுபடி எப்போது கிடைக்குமோ என்ற எண்ணம், கொடுத்த பணம், கடைசி நாள் நெருங்குவது எல்லாம் சேர்ந்து விருந்தினரின் விரலை ஏற்கெனவே அழுத்திக்கொண்டிருக்கும். அந்த வேளையில் வழிகாட்டியும் அழுத்தினால், என் போன்ற பழைய காயம் இல்லாத ஒருவர் விட்டிருப்பார். அன்றிரவே உரிமையாளரிடம் சொன்னேன். அவர் சாக்குச் சொல்லவில்லை. இனி ஒவ்வொரு விருந்தினரின் எல்லையும் எல்லா வழிகாட்டிகளும் பார்க்கும்படி சமையல் கூடாரத்துப் பலகையில் எழுதப்படும் என்றார். மறுநாள் காலை காபி குடிக்கப் போனபோது எழுதியிருந்தது. அதை நன்றியோடு பதிவு செய்கிறேன், என்றாலும் அது முதல் நாளே இருந்திருக்க வேண்டியது.

ஐந்தாம் நாள் பகல் பதினொரு மணிக்கு, செங்குத்தான சரிவின் மேலிருந்து பார்த்தபோது, கீழே ஆஸ்பென் கன்றுகளின் இடையே ஓர் ஆண் எல்க் தனியாக மேய்ந்துகொண்டிருந்தது. என் வழிகாட்டி திரும்பியிருந்தார். இம்முறை கூவல் இல்லை, இருவரும் அருகருகே படுத்திருந்தோம். தூரமானி நேர்க்கோட்டில் 44 கெஜம் காட்டியது. முதல் பார்வையில் என் எல்லையைத் தாண்டிய தூரம். ஆனால் சரிவு 30 பாகை; புவியீர்ப்பு அம்பை இழுப்பது கிடைமட்டத் தூரத்துக்குத்தான், அது 38 கெஜம் என்று அதே கருவி கணக்கிட்டுத் தந்தது. வழிகாட்டி அதோடு விடவில்லை. நேர்க்கோட்டில் அம்பு பறக்கும் நேரம் 44 கெஜத்துக்கானதுதான் என்பதையும், விலங்கு நகர்ந்தால் அந்த நேரம் கணக்கில் வரும் என்பதையும் நினைவூட்டி, இன்னும் நான்கு கெஜம் நெருங்கச் சொன்னார். காலணியைக் கழற்றிவிட்டு, காலுறையோடு உட்கார்ந்தபடியே சரிந்து இறங்க இருபது நிமிடம் ஆனது. இப்போது நேர்க்கோட்டில் 40, கிடைமட்டத்தில் ஏறத்தாழ 35.

நடுவழியில் ஒரு கிளை. பார்வைக்கு அது குறுக்கே இல்லை, சற்று மேலே இருந்தது. ஆனால் அம்பு வளைந்து செல்வது. 40 கெஜம் போகும் அம்பு நடுவே பார்வைக் கோட்டுக்கு ஏறக்குறைய அரை அடி மேலே எழும்பும். வில்லில் ஒவ்வொரு தூரத்துக்கும் குறிபார்க்க ஒரு முள் உண்டு; நாணை இழுத்து 35க்கான குறிமுள்ளை நெஞ்சில் வைத்தபடி, 20க்கான குறிமுள் எங்கே நிற்கிறது என்று பார்த்தேன். அது கிளைக்குக் கீழே, வெறும் வெளியில் இருந்தது. அப்படியானால் அம்பு அந்த வெளியின் வழியேதான் போகும். கையை மட்டும் தாழ்த்தாமல் இடுப்பிலிருந்து வளைந்தேன். மேலிருந்து விடுவதால் நுழைவு சற்று உயரமாகவும் வெளியேற்றம் தாழ்வாகவும் இருக்கும்படி, எதிர்ப்பக்க முன்னங்காலின் மடிப்பை மனத்தில் வைத்தேன். விலங்கு என்னைவிட்டு அப்பால் சாய்ந்து, தலையை மரத்துக்குப் பின்னே மறைத்து, மேய்ந்துகொண்டிருந்தது. அருகே வேறு எல்க் இல்லை. வழிகாட்டி எதுவும் சொல்லவில்லை. நாணை விட்டேன்.

அம்பு விட்டதும் என்ன செய்வார்கள் என்பதிலும் இந்தச் சேவையை நான் உயர்வாக மதிக்கிறேன். அவர் என்னை எழவிடவில்லை. எந்த மரத்தைக் கடைசியாகக் கடந்தது என்று இருவரும் தனித்தனியே சொல்லி ஒப்பிட்டோம். முக்கால் மணி கழித்து இறங்கி முதலில் அம்பைத்தான் தேடினோம். அது மண்ணில் செருகியிருந்தது. இறகுவரை இளஞ்சிவப்பு, சிறு குமிழ்களோடு. குமிழ் நுரையீரலின் அடையாளம். கருஞ்சிவப்பாக இருந்தால் ஈரல், நான்கைந்து மணி நேரம் காத்திருக்க வேண்டும். பச்சையும் நாற்றமும் என்றால் குடல், எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் விட்டுவிட வேண்டும், அவசரப்பட்டுத் துரத்தினால் விலங்கு கைக்கு எட்டாமல் போய்விடும். எங்களுடையது 110 கெஜத்தில், விழுந்த மரம் ஒன்றின் அருகே கிடந்தது. அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு சற்று நேரம் நின்றார். நானும் அதன் கழுத்தில் கைவைத்து அமர்ந்திருந்தேன். பிறகு நான்கு கால்களையும் முதுகுச் சதையையும் பிரித்துத் துணிப்பைகளில் கட்டி, குதிரை வரும் பாதைவரை இருமுறை சுமந்தோம். உண்ணத்தக்க இறைச்சியைக் காட்டில் விட்டுவருவது அந்த மாநிலத்தில் குற்றம்.

மொத்தத்தில், ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருவேன். குறைத்த ஒன்று நான்காம் நாள் மாலைக்காக. இப்படி ஒரு சேவையை நாடுபவர்கள், அவர்கள் மாநில அரசிடம் பதிவு பெற்றவர்களா என்று முதலில் பார்க்க வேண்டும். பிறகு முதல் நாளில் வில்லாளியைச் சோதிக்கிறார்களா, அந்தச் சோதனையின் முடிவு எல்லா வழிகாட்டிகளுக்கும் தெரியுமா என்று கேட்க வேண்டும். கொம்புகளின் படங்களை அனுப்பி வெற்றி விகிதத்தை மட்டும் பேசுபவர்களிடம் என் பணத்தை இனித் தரமாட்டேன். சமவெளியிலிருந்து போகிறவர்கள் இரண்டு நாள் முன்னதாகவே மலை ஏறி உடலைப் பழக்கிக்கொள்வது நல்லது. 1949 ஜனவரி 1 அல்லது அதற்குப் பின் பிறந்தவர்கள் வேட்டைப் பயிற்சிச் சான்றிதழ் வைத்திருந்தால்தான் உரிமம் கிடைக்கும். குலுக்கலுக்கான விண்ணப்பம் ஏப்ரல் முதல் வாரத்தில் முடிந்துவிடுகிறது. நான் அடுத்ததற்கு விண்ணப்பிக்க இருக்கிறேன், அதே வழிகாட்டியைக் கேட்டு எழுதியும் விட்டேன்.